வீடியோவில் வெட்டப்பட்ட கடைசி நொடிகள்

வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல வர்ற ஃபார்வர்டுகளைப் பார்த்து சிரிப்பீங்கதானே? நானும் சிரிப்பேன். ஆனா 2018-ல, ஒன்பதாவது போகப்போற லீவுல, அம்மா போன்ல இருந்து ஒரு வீடியோவை எங்க அபார்ட்மென்ட் குரூப்புக்கு அனுப்பினதே நான்தான்.

பைக்கில் ரெண்டு பேர் வருவாங்க. தெருவுல நிக்கிற ஒரு பையனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான் வீடியோ. வடநாட்டுக் கும்பல் வந்திருக்கு, ஜாக்கிரதைன்னு கூடவே ஒரு மெசேஜ்.

உண்மையில் அது பாகிஸ்தானில் எடுத்த குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். தூக்கிட்டுப் போனவங்களே பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிட்டாங்க. பொய்யா ஒரு காட்சிகூட சேர்க்கலை பாருங்க.

சரி, நான் ஏன் நம்பினேன்? 1977-ல ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மையும் பொய்யும் கலந்த பொது அறிவு வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை, அவை பொய்யாக இருந்தாலும், மாணவர்கள் கூடுதலாக நம்ப ஆரம்பித்தார்கள். ஏற்கனவே கேட்ட விஷயம் மனசுல சுலபமா இறங்குது. அந்த சுலபத்தைத்தான் நாம உண்மைன்னு எடுத்துக்கிறோம். எனக்கு அந்த வீடியோ நாலு பேர்கிட்ட இருந்து வந்தது. நாலு பேர் சொல்றாங்களேன்னு நினைச்சேன். நாலும் ஒரே வீடியோதான்! போதாததுக்கு, வெளியூர்க்காரங்க மேல ஒரு பயம் எங்க எல்லோருக்கும் முன்னாடியே இருந்தது. வீடியோ அதுக்கு ஒரு முகம் கொடுத்தது.

அந்த மே மாதம், போளூர் பக்கம் ஒரு கிராமத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு நினைச்சு கூட்டம் அடிச்சதில் வயதான அம்மா ஒருவர் இறந்துபோனார். அவங்க சென்னையில இருந்து போனவங்க. வடநாட்டுக் கும்பல் இல்லை.

ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு அறிவித்தது. அதனால் வேகம் குறையலாம். நம்பினவங்க மனசு?

வதந்தின்னு பேப்பர்ல போட்டப்பகூட அம்மா நம்பலை; "போலீஸ் மறைக்கிறாங்க"ன்னாங்க. அப்புறம் முழு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினேன். பையன் திரும்பி வர்றதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசலை.

"இதை குரூப்புல போட்டியா?"

போட்டேன். முதல் வீடியோவுக்கு முப்பது ரிப்ளை வந்த குரூப்பு அது. இதுக்கு வந்தது ஒரே ஒரு கட்டைவிரல், மாடி வீட்டு ஆன்ட்டிகிட்ட இருந்து.