ஒரு டாலர் மிச்சம், 48 டாலர் செலவு! பாத மருத்துவத்தை நிறுத்திய அரிசோனா கற்ற பாடம்

உழவு மாட்டின் குளம்பில் ஒரு முள் ஏறினால், அன்றைக்கு ஏர் நின்றுவிடும். முள்ளைப் பிடுங்கி, மருந்து வைத்து, மாட்டை ஓய்வாகக் கட்டிவைப்பார் விவசாயி. அதே முள் தன் காலில் குத்தினால், சேற்றில் நின்றபடியே மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் கரையேறுவார். சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் புண் தானாக ஆறிவிடும். இருப்பவருக்கோ, அந்தச் சின்னப் புண்ணே காலை எடுக்கும் அளவுக்குப் போய்விடலாம்.

அந்த நிலை வராமல் தடுக்க, அமெரிக்காவில் பாதத்துக்கென்றே தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். 'போடியாட்ரிஸ்ட்' என்று பெயர். 4 ஆண்டுகள் பாத மருத்துவப் படிப்பு, பிறகு 3 ஆண்டுகள் மருத்துவமனைப் பயிற்சி. கால் ஆணி முதல் கணுக்கால் அறுவை சிகிச்சை வரை செய்கிறார்கள். ஆனால், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் இவர்கள் 'மருத்துவர்' கணக்கில் வருவதில்லை.

ஒரே மருத்துவர், இரண்டு சட்டம்

1965-ல் அமெரிக்க அரசு இரண்டு காப்பீட்டுத் திட்டங்களைக் கொண்டுவந்தது. முதியவர்களுக்கு மெடிகேர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மெடிகெய்ட். 1967-ல் நடந்த சட்டத் திருத்தத்தால், மெடிகேரில் பாத மருத்துவரும் 'மருத்துவர்' ஆனார். மெடிகெய்டில் அந்த மாற்றம் வரவில்லை. அங்கே பொது மருத்துவரின் சிகிச்சையை எல்லா மாநிலங்களும் கட்டாயம் தர வேண்டும். பெரியவர்களுக்குப் பாத மருத்துவரின் சிகிச்சையைத் தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம். பணமுடை வந்தால் அரசு முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அரிசோனா மாநிலத்தில் 2010-ல் அதுதான் நடந்தது. செலவைக் குறைக்க, பெரியவர்களுக்கான பாத மருத்துவத்தை மெடிகெய்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் விளைவை ஆராய்ந்த கட்டுரை 2014-ல் வெளியானது. சர்க்கரை நோயாளிகள் பாதத் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்வது சுமார் 37 சதவிகிதம் கூடியிருந்தது. படுக்கையில் கிடந்த நாள்களும் கூடின. மிச்சம்பிடித்த ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவமனைக் கட்டணம் 48 டாலர் ஏறியிருந்தது. மடை அடைக்கும் கூலியை மிச்சம்பிடித்து, கரை உடைந்த பிறகு ஏரிக்குச் செலவழித்த கதைதான். 2016-ல் அரிசோனா பாத மருத்துவத்தைத் திரும்பச் சேர்த்தது.

பாத மருத்துவரை மெடிகெய்டிலும் 'மருத்துவர்' என்று ஏற்கக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை வந்திருக்கிறது. செலவு கூடும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அரிசோனா அனுபவம் அதற்கு நேர்மாறானது.

"பொது மருத்துவரே காலைப் பார்க்கலாமே?" என்று கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால், சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவருக்குப் புண் வலிக்காது. வலிக்காததால் அவர் சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு வரை பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

இங்கே பாத மருத்துவம் தனிப் பட்டப்படிப்பாகப் பரவவில்லை. சர்க்கரை நோய் மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவருமே பாதத்தையும் பார்க்கிறார்கள். அதனால், கேட்க வேண்டியது நாம்தான்.

* ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் காட்டுங்கள்.
* வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம்போகத் துடையுங்கள். உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்க்கலாம்.
* கால் ஆணியை பிளேடால் அறுக்காதீர்கள். மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கூடாது.
* வலி இல்லாத புண் என்றாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். வலி இல்லாததுதான் ஆபத்து.

மாட்டின் குளம்பை நாள் தவறாமல் பார்க்கிற கண்கள், சொந்தக் காலையும் ஒருமுறை பார்க்கட்டும்.