பொங்கல் டிக்கெட்டும் கைபேசிப் பட்டியலும்

சித்தூரிலும் திருப்பதியிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்குப் பொங்கல் நவம்பரிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஜனவரி 13-ந் தேதி வண்டியேற வேண்டுமானால் நவம்பர் 14-ந் தேதி காலை 8 மணிக்கே டிக்கெட் எடுத்தாக வேண்டும். அன்று தவறினால் காட்பாடி வரை பஸ்ஸில் போய், அங்கே கூட்டத்தில் இடிபட வேண்டியதுதான்.

காலண்டரில் குறித்து வைப்பது நல்ல பழக்கமே. ஆனால் சுவரில் தொங்கும் தாள் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லாது. கைபேசியில் இயங்கும் வேலைப்பட்டியல் செயலிகள் சொல்கின்றன.

2007-ல் தோன்றிய டூடுயிஸ்ட் செயலியில் வேலையைத் தமிழிலேயே எழுதலாம். தேதியை மட்டும் ஆங்கிலத்தில் தட்டினால், 'ஒவ்வொரு மாதமும் 24' என்பதைத் தானே புரிந்துகொண்டு மாதந்தோறும் பட்டியலில் சேர்த்துவிடும். ஏன் 24? திருமலை தரிசனத்துக்கான 300 ரூபாய் டிக்கெட்டுகள் அண்மை ஆண்டுகளில் வழக்கமாக அந்தத் தேதியையொட்டித்தான் இணையத்தில் வெளியாகின்றன. திருப்பதியில் இருப்பவரிடம் ஊர் உறவினர் கேட்கும் முதல் உதவி எது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாடகை, சீட்டுப் பணம் போன்றவை தேதி மாறாதவை. ஸ்கூட்டர் சர்வீஸ் அப்படியல்ல. பத்து நாள் தாமதமாக விட்டால் அடுத்த மூன்று மாதத்தையும் விட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 'ஒவ்வொரு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால், டூடுயிஸ்ட் அப்படியே முடித்த நாளிலிருந்து எண்ணுகிறது.

மைக்ரோசாப்ட் டு டூவில் 'என் நாள்' என்றொரு பகுதி. நள்ளிரவில் அது காலியாகிவிடும்; முடியாமல் நின்றவற்றை மறுநாள் யோசனையாகக் காட்டும். பட்டியலைப் பகிரவும் முடியும். குடும்பம் வேலூரிலும் வேலை சித்தூரிலுமாக இருப்பவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை. அம்மாவின் மாத்திரையை யார் வாங்கியது என்று போனில் வாதாட வேண்டாம்.

டிக்கெட்டுக்கு மட்டும் இரண்டு நினைவூட்டல் போடுவது நல்லது. முன்பதிவு திறக்கும் வேளையில் இணைய டிக்கெட் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே என்ற விதி 2025 அக்டோபர் 1-ல் வந்தது. அந்தச் சரிபார்ப்பை அக்டோபர் கடைசியிலேயே ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 14 காலை 7.50-க்கு இரண்டாவது மணி அடிக்கட்டும்.