படகோனியாவில் விழுந்த நிழல்

2017 ஜூலை 17, நள்ளிரவு தாண்டிய நேரம். அர்ஜென்டினாவின் தெற்கே, கொமொடோரோ ரிவடாவியா நகரை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடிவிட்டார்கள். தெருவிளக்குகளும் அணைந்தன. படகோனியாவின் குளிர்காற்று தொலைநோக்கிகளை ஆட்டிவிடக் கூடாதே என்று உள்ளூர்க்காரர்கள் லாரிகளைக் கொண்டுவந்து மறைப்பாக நிறுத்தினார்கள். இத்தனை ஏற்பாடும் ஒரு நிழலுக்காக.

நிழலுக்குச் சொந்தக்காரர், 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் 'அரோகாத்' என்ற பனிப்பொருள். 2014இல் ஹப்பிள் தொலைநோக்கி கண்டுபிடித்தபோது அது வெறும் ஒளிப்புள்ளி. 2006லேயே கிளம்பிவிட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைப் பார்த்துவிட்டு அடுத்துப் போக வேண்டிய இடம் அது. அதாவது, கலம் புறப்படும்போது அந்த இடத்தை யாரும் பார்த்ததுகூட இல்லை! நல்ல துணிச்சல்தான்.

அரோகாத் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது அதன் நிழல் பூமியில் விழும். நட்சத்திரம் எவ்வளவு நேரம் மறைகிறது என்பதை வைத்து அளவைக் கணக்கிடலாம். ஜூன் மாத முயற்சியில் ஒன்றும் சிக்கவில்லை. ஜூலையில் 24 தொலைநோக்கிகளை வரிசையாக வைத்தார்கள். ஐந்தில் நட்சத்திரம் ஓரிரு கணம் காணாமல் போனது. அந்த ஐந்து பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டதுபோல ஓர் உருவம் தெரிந்தது.

நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில் இப்படிப்பட்ட பனிப்பொருள்கள் ஏராளம். புளூட்டோ 1930லேயே தெரியும் என்றாலும், அடுத்தது சிக்க 1992 ஆயிற்று. டேவிட் ஜெவிட்டும் ஜேன் லூவும் ஐந்து ஆண்டுகள் தேடி, ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து அதைக் கண்டார்கள். இன்று கணக்கு மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

2019 புத்தாண்டு நாளில் கலம் 3,500 கி.மீ. தொலைவில், மணிக்கு 50,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் அரோகாத்தைக் கடந்தது. அங்கிருந்து வந்த செய்தி பூமியை எட்டவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. படகோனியாவில் கணித்தது சரிதான்: சுமார் 35 கி.மீ. நீளத்தில் செக்கச்சிவந்த இரட்டை உருவம். பெரிய துண்டு உருண்டை அல்ல, அடை மாதிரி தட்டை.

விஞ்ஞானிகளின் கண் போனது இரண்டும் சேரும் கழுத்துப் பகுதிக்கு. மோதிய வேகத்தில் நசுங்கியிருக்க வேண்டாமா? அங்கே பெரிய விரிசலோ நொறுங்கலோ இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தில்தான் இரண்டும் தொட்டு ஒட்டியிருக்க வேண்டும். வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து பலமாக மோதி மோதியே கோள்களின் விதைகள் வளர்ந்தன என்ற பழைய விளக்கத்துக்கு இது ஒத்துவரவில்லை. துகள் மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே மெல்லக் குவிந்து, அதற்குள் பிறந்த இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கின என்ற விளக்கமே பொருந்துகிறது. சூரியனின் வெப்பம் அங்கே எட்டுவதே இல்லை எனலாம், மோதல்களும் அபூர்வம். அதனால் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒட்டிய தடம் இன்னும் அழியவில்லை.

நியூ ஹொரைசன்ஸ் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் எரிபொருளும் மிச்சமிருக்கிறது. அதன் வழியில் இன்னொரு பனித்துண்டு அகப்படுமா என்று ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கியைக் கொண்டு வானத்தைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். புதிய பொருள்கள் பல தென்பட்டன; கலம் எட்டக்கூடிய தூரத்தில்தான் எதுவும் அமையவில்லை.