சிதைந்த டிராக்டரைப் பழுது பார்த்தல் தகுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் உழவுக்கும் மாங்காய், தேங்காய்ப் பாரத்திற்கும் டிராக்டரே துணையாயிருக்கின்றது. பல்லாண்டு உழைத்த வண்டி விபத்துற்று, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் அதனை 'முழு நஷ்டம்' என்று தள்ளிவிடின், குடியானவர் மனங்கலங்குதல் இயல்பே.

பழுதுச் செலவு பாலிஸியில் கண்ட மதிப்பில் 100-க்கு 75 பங்கை மிஞ்சினால் அவ்வாறு தள்ளுவது விதி. இது கணக்கேயன்றி, வண்டி இனி உழைக்காதென்னும் தீர்ப்பன்று.

உதாரணமாக, மதிப்பு ரூ. 4,00,000; பழுதுச் செலவு ரூ. 3,20,000, உடைந்த வண்டியின் விலை ரூ. 1,00,000 என்று கொள்வோம். வண்டியை விட்டுக்கொடுத்தால் ரூ. 4,00,000 கிடைக்கும், தாமே வைத்துக்கொண்டால் ரூ. 3,00,000 மட்டுமே. பாலிஸிப்படி கழியும் சிறு தொகை இரண்டிற்கும் பொது. ஆகவே பழுது தீர்ந்த வண்டியின் உண்மை அடக்கம் ரூ. 4,20,000 ஆகும். அத்தரமுள்ள வண்டி வெளியில் இதனிலும் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின் பழையதை விடுதலே நலம்.

பெரும்பாலான டிராக்டர்களுக்கு எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்னச்சுக் கூடு இவையே முதுகெலும்பு. இவற்றில் விரிசல் கண்டால் ஆசையை விடுக. ரேடியேட்டர், முன்னச்சு, தகடுகள் மட்டும் சிதைந்திருப்பின் பழுது பார்த்தல் தகும்.

வண்டி நிரந்தரமாகப் பயன்படாதெனின், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். இதனைக் கிராம அதிகாரிகளும் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக. ஐப்பசி மழை எவருக்காகவும் காத்திராது. முடிவு எதுவாயினும் உழவுக்கு முன்னரே செய்க.