எந்தப் படம்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பெட்டிக்கடை அளவுதான். வேண்டிய பாட்டுகளை நோட்டுத்தாளில் எழுதி, ஒரு சிக்ஸ்டி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு போட்டால் 27 நிமிடம் ஆகும். மிச்சமுள்ள மூன்று நிமிடம் டேப் சும்மா ஓடும்.

கடை அண்ணனுக்கு அது ஆகாது. "வெறும் டேப் ஓடுனா பாட்டு கேட்ட மாதிரியே இருக்காது தம்பி" என்பார். அந்த இடத்தில் அவருக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

இளையராஜா பாட்டு ஆறும் முடிந்து ஏழாவதாக ஒரு நாள் கிதாரும் துள்ளல் தாளமுமாக ஒரு பாட்டு வந்தது. 'சின்ன மாமியே'. மறுநாளே போய்க் கேட்டேன்: "எந்தப் படம்ணே?"

"படமெல்லாம் இல்லடா. சிலோன் பாட்டு. ரேடியோல வந்தப்பப் புடிச்சு வச்சது."

படம் இல்லாமல் பாட்டு வரும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். பக்திப் பாட்டும் கச்சேரியும் வேறு கணக்கு. காதலும் கேலியுமாக ஆடவைக்கும் ஒரு பாட்டுக்குப் பின்னால் கதாநாயகன் இல்லை என்பது பெரிய செய்தியாக இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் அது பழைய செய்தி. போர்ச்சுக்கீசியர் வழி வந்த பைலா தாளத்தில் தமிழை உட்காரவைத்துப் பாடியவர்கள் அங்கே இருந்தார்கள். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் ஒருவர். 'சுராங்கனி'யால் இங்கும் பேர் வாங்கிய ஏ.ஈ. மனோகரன் இன்னொருவர். பொப்பிசை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் சுரேஷ் பீட்டர்ஸின் 'மின்னல்', மால்குடி சுபாவின் 'வால்பாறை வட்டப்பாறை' என்று அவ்வப்போது ஒன்று வரும். கடையில் அவற்றுக்குத் தனி அடுக்கு இருக்காது. ஆல்பம் பாட்டு என்று சொல்லி, ஐயப்பன் பாட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பார்கள்.

விமர்சனமும் அப்படித்தான். நம் பத்திரிகைகளுக்கு இசை விமர்சனம் புதிதல்ல. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதி வித்வான்களைக் கலங்கடித்தார் கல்கி. பிறகு சுப்புடு வந்தார். மார்கழியில் அவர் என்ன எழுதுவாரோ என்று மேடையில் இருந்தவர்கள் பயந்தார்கள். சபாவுக்கு இப்படி ஆள் இருந்தது. சினிமாப் பாட்டுக்கு, பட விமர்சனத்தின் கடைசியில் 'பாடல்கள் பரவாயில்லை' என்று ஒரு வரியாவது கிடைத்தது. ஆல்பம் பாட்டுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே விமர்சகர் கடை அண்ணன்தான். "முதல் சரணத்தோட நிறுத்தியிருக்கலாம், இழுத்துட்டான்" என்பார். அவர் போட்ட பாட்டு பிடிக்கவில்லை என்றால் அவரிடமே போய்ச் சண்டை போடலாம். போட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். கேசட் அட்டையில் அண்ணன் பாட்டின் முதல் சொல்லை மட்டும் எழுதியிருப்பார். பாடியவர் பெயர் இருக்காது. நித்தி கனகரத்தினம் என்ற பெயரை நான் அறிய இன்னும் பல வருடம் ஆனது. ஊர் ஊராகப் பதிந்து விற்ற கேசட்டில் பாடியவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. எங்கள் ரசனையை வளர்த்த கடை, பாடகனின் வயிற்றில் அடித்த கடையும்கூட.

2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தது. கல்லூரி விடுதிகளில் சிடியாகவும் புளூடூத்திலும் பரவியது. அதிலிருந்த 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாட்டை ராப்பாக மாற்றியது. எந்தப் படம் என்ற கேள்விக்குப் பாதி பதிலாவது இருந்தது. 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தபோது யூடியூப் வேரூன்றிவிட்டது. கடைக்குப் போகவேண்டிய தேவை போய்விட்டது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறி, கானாவையும் ராப்பையும் ஒரே மூச்சில் பாடியது. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான காதுகளுக்குப் போனது. அதன் பிறகு அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று ஊரறிய விவாதம் நடந்தது. படத்தின் பெயரைக் கேட்டே பழகிய நாம் 'யாருடைய பாட்டு' என்று கேட்கத் தொடங்கியதை நான் நல்ல சகுனமாகவே பார்க்கிறேன். 2024இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' தெருவெல்லாம் ஒலித்தபோது அதற்குப் படம் இல்லை என்பது யாருக்கும் செய்தியாகவே படவில்லை.

என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவள் போனில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பாட்டு வந்து குவிகிறது. வெள்ளிக்கிழமை வெளியீடு என்பது 2015இலிருந்து உலகம் முழுக்க வைத்துக்கொண்ட வழக்கம். போன தீபாவளிக்கு வந்தவள் பாட்டு தேடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டைவிரலால் தள்ளுகிறாள். எட்டு நொடி ஒன்று, பன்னிரண்டு நொடி ஒன்று. பல்லவி வருவதற்குள் பாட்டு போய்விடுகிறது. ஒரு பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. "யாரும்மா இது?" என்றேன். "தெரியல சித்தப்பா, ஒரு ரீல்ஸ்ல வந்துச்சு" என்றாள். 'எந்தப் படம்' போய் 'எந்த ரீல்ஸ்' வந்திருக்கிறது. பாடியவர் பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இத்தனைக்கும் பெயர் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. யூடியூபில் பாட்டுக்குக் கீழே தட்டினால் போதும். எழுதியவர், பறை அடித்தவர், மிக்ஸிங் செய்தவர் வரை வரிசையாக இருக்கும். கேசட் காலத்தில் இதற்கு ஏங்கியிருக்கிறோம். இன்று இருந்தும் பார்ப்பவர் குறைவு.

காசுக் கணக்கும் கடுமையானது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024இலிருந்து, ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. வீட்டு அறையில் மைக் வைத்துப் பாடும் ஒருவருக்கு என் அண்ணன் மகளின் பன்னிரண்டு நொடியால் எதுவும் சேரவில்லை.

பாட்டு முடிந்ததும் போன் தானாக அடுத்ததைப் போடுகிறது. கடை அண்ணனும் அதைத்தான் செய்தார். ஆனால் போன், நான் ஏற்கெனவே கேட்டதைப் பார்த்து அதன் சாயலில் ஒன்றைத் தருகிறது. அண்ணனோ என் பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாத ஒன்றைத் தந்தார். ஆறு இளையராஜாவுக்குப் பிறகு பைலாவை எந்தக் கணக்கும் எனக்குப் போட்டிருக்காது.

விமர்சனம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஓரத்துக் கட்டத்தில் வாயைப் பிளந்துகாட்டும் ரியாக்‌ஷன் வீடியோ இருக்கிறது, 'தீயா இருக்கு' என்ற கமென்ட் இருக்கிறது, எத்தனை லட்சம் பார்வை என்ற எண் இருக்கிறது. இந்தச் சரணம் ஏன் இழுக்கிறது, இந்தக் குரல் இந்தத் தாளத்தில் ஏன் பொருந்துகிறது என்று பொறுமையாகத் தமிழில் சொல்பவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆல்பம் ஓடினால் 'அடுத்து எந்தப் படம்?' என்று பாடியவரையே கேட்கிறோம். ஹிப்ஹாப் தமிழா 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைக்கப் போனார்கள். போகட்டும், அது அவர்கள் விருப்பம். ஆனால் தனிப்பாட்டை சினிமாவின் வாசல்படியாக மட்டும் பார்த்தால் அதை அதன் தகுதியில் எடைபோட நமக்கு ஒருநாளும் வராது.

பாட்டு போடுகிறவனுக்கு இது நல்ல காலம். கேட்கிறவனுக்குத்தான் துணை போதவில்லை. அந்தத் துணையாக நீங்களே இருக்கலாம். இந்த வாரம் பெயர் தெரியாத ஒருவரின் பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிடித்தால் நண்பருக்கு அனுப்புங்கள். வெறும் லிங்க் வேண்டாம். பாடியவர் பெயரையும், எந்த இடம் பிடித்தது, எது இழுக்கிறது என்று இரண்டு வரியும் சேர்த்து அனுப்புங்கள். அவர் பதிலுக்குச் சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது.