பேசுபவர் அல்லர், பேச வைப்பவர்
புதிய பட்டறை நெறியாளர்களைச் சான்றிதழ் வரை அழைத்துச் செல்வோருக்குச் சில சிந்தனைகள்

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஓர் ஊரின் பொதுக் கிணற்றைத் தூர் வாருவதுபற்றி ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடக்கிறது. முப்பது பேர் அமர்ந்திருக்கின்றனர். முன்வரிசையில் உள்ள நால்வரே மாறி மாறிப் பேசுகின்றனர். நாள்தோறும் அக்கிணற்றில் நீர் இறைக்கும் பெண்களோ பின்வரிசையில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். பட்டறையை நடத்த வந்த இளைஞர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அதைப் பிறகு பார்ப்போம், அம்மா" என்கிறார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. மாலையில் தீர்மானங்கள் வண்ண மையில் எழுதி ஒட்டப்படுகின்றன. 'பட்டறை இனிது நிறைவுற்றது' என்று அறிக்கையும் எழுதப்படுகிறது. ஆனால் அந்தப் பெண் அடுத்த கூட்டத்திற்கு வரமாட்டாள்.

அந்த இளைஞர் தீயவர் அல்லர். சொல்லாற்றல் உடையவர், உழைப்பாளி. அவருக்கு அருகிருந்து கற்றுக்கொடுப்பார் ஒருவரும் இல்லை என்பதே குறை. இத்தகைய புதியவர்களைப் பயிற்றுவித்துத் தொழில்முறைச் சான்றிதழ் பெறும் நிலைக்குக் கொண்டுசெல்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நெறியாளர் யார்?

ஆசிரியர் தாம் அறிந்ததைக் கொடுக்கிறார். பேச்சாளர் தம் கருத்தை நாட்டுகிறார். பட்டறை நெறியாளர் இவ்விரண்டையும் செய்வதில்லை. கூடியிருப்போர் தமக்குள் இருக்கும் அறிவை வெளிக்கொணர்ந்து, தாமே ஒரு முடிவுக்கு வர உதவுவதே அவர் பணி. கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ கடினம். இத்துறையில் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இப்பணிக்கு ஒரு தரம் வகுக்க வேண்டும் என்று எண்ணியோர் 1994-இல் பன்னாட்டு நெறியாளர் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் பலர், சிக்காகோவின் கிறிஸ்தவ ஒன்றிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து கிளைத்த பண்பாட்டு அலுவல்கள் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். அந்நிறுவனத்தார் 1970-களில் மராட்டிய மாநிலத்தின் மாலிவாடா என்னும் சிற்றூரில் மக்களோடு அமர்ந்து ஊர் முன்னேற்றத் திட்டம் தீட்டியவர்கள். எனவே இக்கலை அலுவலக மேசையில் மட்டும் பிறந்ததன்று. சேரிகளிலும் சிற்றூர்களிலும் வளர்ந்தது.

தேர்வின் அமைப்பு

இச்சங்கம் வழங்கும் தொழில்முறை நெறியாளர் சான்றிதழுக்கு மனப்பாடம் உதவாது. விண்ணப்பிப்பவர் கடந்த மூன்றாண்டுகளில் தாம் திட்டமிட்டு நடத்திய ஏழு பட்டறைகளையேனும் பட்டியலிட வேண்டும். அவற்றுள் ஒன்றை விரிவாக விளக்கி எழுத வேண்டும். பின்னர் நேரிலோ இணையவழியிலோ மதிப்பீடு நடைபெறும். மதிப்பீட்டாளர் இருவர் முதலில் உரையாடுவர். அடுத்து, கொடுக்கப்பட்ட தலைப்பில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஒரு குழுவை அவர்கள் கண்முன் வழிநடத்த வேண்டும். அதன்பின் மீண்டும் ஓர் உரையாடல். சான்றிதழ் பெற்றபின்னும் நான்காண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆறு திறன்கள் அங்கு சோதிக்கப்படுகின்றன. பட்டறையை நடத்தித் தரும்படி கேட்டவரோடு நல்லுறவு கொள்ளுதல், குழுவுக்கு ஏற்ற முறைகளைத் திட்டமிடுதல், எல்லாரும் பங்கேற்கும் சூழலை உருவாக்குதல், பயனுள்ள முடிவுக்குக் குழுவை நடத்துதல், துறையறிவை வளர்த்துக்கொள்ளுதல், நன்மனப்பாங்கோடு நடந்துகொள்ளுதல் என்பன அவை. இவற்றுள் எதுவும் ஒரே இரவில் கைவருவதன்று. இங்கேதான் வழிகாட்டியின் பணி தொடங்குகிறது.

நான்கு படிகள்

முதற்படியில் புதியவர் உடனிருந்து பார்க்கட்டும். ஆனால் வெறுமனே பார்த்தல் போதாது. 'யார் எத்தனை முறை பேசினார்? எந்தக் கேள்விக்குப் பின் அறை உயிர்பெற்றது? எப்போது சோர்ந்தது?' என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் படியில் ஒரு சிறு பகுதியை மட்டும் அவர் கையில் ஒப்படையுங்கள். மூன்றாம் படியில் பாதி நாள் அவருடையது. நான்காம் படியில் முழுப் பட்டறையும் அவருடையது, நீங்கள் பின்வரிசையில்.

இந்த நான்காம் படியே வழிகாட்டிக்குப் பெருஞ்சோதனை. புதியவர் தடுமாறும்போது எழுந்து போய்க் காப்பாற்ற மனம் துடிக்கும். யாருக்கேனும் தீங்கு நேருமெனில் தயங்காது எழுங்கள். வெறும் தடுமாற்றம் எனில் அமர்ந்தே இருங்கள். விழாமல் நடை பழகிய குழந்தை உண்டோ?

எழுதும் பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே ஊட்ட வேண்டும். மூன்றாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாலும் புனைவாகவே முடியும். ஒவ்வொரு பட்டறையின் மாலையிலும் ஒரு பக்கம் எழுதினால் போதும். 'குழு விவாதம் நடைபெற்றது' என்பது பயனற்ற வரி. 'இரு தரப்பினர் ஒருவரையொருவர் நோக்கிப் பேச மறுத்தமையால், முதலில் தனித்தனியே அட்டைகளில் எழுதச் செய்தேன். அதன்பின் ஒத்த கருத்துகளைச் சேர்த்து ஒட்டினோம்' என்பது பயனுள்ள வரி. என்ன செய்தேன் என்பதைவிட ஏன் செய்தேன் என்பதையே மதிப்பீட்டாளர் தேடுவர்.

மௌனம் பழகுதல்

புதியவர்கள் எல்லாருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அது மௌனத்திற்கு அஞ்சுதல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருப்பதை 1970-களில் வெளிப்படுத்தினார். அதனை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினர். மூன்று வினாடிதான்! கிணற்றடிப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் அதற்கு மிகுதியானதன்று.

மற்றொன்று, குழப்பத்திற்கு அஞ்சுதல். பலவகைக் கருத்துகள் குவிந்தபின், ஒன்றாகச் சேருமுன், எந்தக் குழுவும் எரிச்சலும் சோர்வும் நிறைந்த ஒரு கட்டத்தைக் கடக்கும். சாம் கேனர் என்பார் 1996-இல் வெளிவந்த தம் நூலில் இதற்கு 'முனகல் மண்டலம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அனுபவமற்ற நெறியாளர் இக்கட்டத்தைத் தம் தோல்வி என எண்ணி, அவசரமாகக் கைதூக்கச் சொல்லி வாக்கெடுத்து முடித்துவிடுவார். தலையசைத்துச் சென்றோர் வீட்டிற்குப் போய் அம்முடிவைக் கைவிடுவர். 'இந்த முனகல் இயல்பானது. இதனூடே நடந்து செல்லுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது வழிகாட்டியின் கடமை.

குறை கூறும் கலை

பட்டறை முடிந்தபின் வழிகாட்டியும் புதியவரும் அமர்ந்து பேசும் அந்த அரைமணி நேரமே பயிற்சியின் இதயம் எனலாம். இதுபற்றி வரலாறு தரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1946-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இனப் பகைமையைக் களைய உழைப்போர்க்கு உளவியல் அறிஞர் குர்ட் லெவின் ஒரு பட்டறை நடத்தினார். பகலில் குழுக்கள் கூடும். இரவில் நோக்கர்களும் நடத்துநர்களும் கூடி, அன்று குழுக்களில் நடந்ததை ஆராய்வர். ஓர் இரவு பங்கேற்பாளர் சிலர், தாங்களும் இருக்கலாமா எனக் கேட்டனர். லெவின் இசைந்தார். தம்மைப்பற்றிக் கூறப்பட்டதைக் கேட்ட ஒரு பெண்மணி, 'நடந்தது அப்படியன்று' என மறுத்துத் தம் விளக்கத்தைச் சொன்னார். கூட்டம் கலகலத்துப் போகவில்லை. மாறாக, கற்றல் அங்கே சூடுபிடித்தது. அடுத்த இரவுகளில் மேலும் பலர் வந்தனர். 1947 தொடக்கத்தில் லெவின் மறைந்தார். எனினும் அவ்வாண்டுக் கோடையிலேயே அவருடைய துணைவர்கள் மேய்ன் மாநிலத்தில், இந்தப் படிப்பினையின்மீது ஒரு பயிற்சிக்கூடத்தை அமைத்தனர்.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவு. ஒருவரைப்பற்றிய மதிப்பீட்டை அவர் இல்லாத இடத்தில் பேசுவது வம்பு. அவர் முன்னிலையில் பேசி, அவர் மறுமொழியையும் கேட்பது பயிற்சி. ஆகவே முதலில் புதியவரே பேசட்டும். பின்பு நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். உங்கள் தீர்ப்பை அன்று. 'நீர் பொறுமையற்றவர்' என்பது தீர்ப்பு. 'பத்தரை மணிக்கு அந்த அம்மாள் பேசத் தொடங்கியபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்' என்பது கண்டது. முன்னது காயப்படுத்தும், பின்னது கண்ணைத் திறக்கும்.

செய்யத் தகாதவை

வழிகாட்டி விலக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, புதியவரைத் தம் நகலாக ஆக்க முயல்வது. நீங்கள் நகைச்சுவையால் அறையை இளகச் செய்பவராக இருக்கலாம். அவர் அமைதியால் அதனைச் செய்பவராக இருக்கக்கூடும். அவரவர் இயல்பிலிருந்தே அவரவர் திறன் மலரும்.

மற்றொன்று, விண்ணப்பத்தை அவருக்காக நீங்களே எழுதிக்கொடுப்பது. இரக்கத்தினால் செய்யப்படும் இத்தவறு பெருங்கேடு விளைவிக்கும். மெருகேற்றிய தாளினால் ஒருவர் தேறிவிடலாம். ஆனால் நாளை அவர் முன் அமரப்போவோர் மதிப்பீட்டாளர்கள் அல்லர். சொத்துப் பிரச்சினையால் பேச்சு நின்றுபோன உடன்பிறந்தார், வேலை இழந்த தொழிலாளர், காயமுற்ற மனத்தினர். அவர்களிடம் தவறினால் மறுதேர்வு இல்லை. சங்கம் 2004-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் குழுவின் தன்னுரிமையையும் மறைபொருள் காத்தலையும் வற்புறுத்துவது இதனாலேயே. எனவே ஒருவர் இன்னும் ஆயத்தமாகவில்லை எனில், 'ஓராண்டு பொறுங்கள்' என்று அன்போடு சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும். தேறாது திரும்பியவரையும் கைவிடலாகாது. மதிப்பீட்டாளர் சொன்னவற்றை ஆறிய மனத்தோடு அவருடன் அமர்ந்து படித்து, அடுத்த பட்டறையில் எதை மாற்றுவது என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அன்பு வாசகர்களே, உங்களுள் சிலர் ஆசிரியராகவோ, மாதர் குழுத் தலைவியாகவோ, இளைஞர் மன்றப் பொறுப்பாளராகவோ இருக்கலாம். சான்றிதழ் நாடாவிடினும், உங்களுக்குப்பின் கூட்டம் நடத்தப்போகும் ஒருவர் இன்றே உங்கள் அருகில் இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் ஒரு கால்மணி நேரத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்வரிசையில் போய் அமருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான், இதுநாள்வரை யார் யார் பேசாதிருந்தனர் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.