ஃபார்மட் அடிப்பதற்கு முன்…

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் காதில் விழும் முதல் வைத்தியம் இதுதான்: "ஃபார்மட் அடிச்சிருவோம்." அடித்ததும் சிஸ்டம் புதுசு போல ஓடும், உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பில் கிடந்த மார்க் ஷீட் ஸ்கேன், பத்திர நகல், பேத்தியின் காதுகுத்துப் படங்கள், பத்து வருட மெயில் எல்லாம் அதோடு போயிருக்கும். பெரும்பாலான கோளாறுகளுக்கு இந்த வைத்தியம் தேவையே இல்லை. அடித்தே ஆகவேண்டிய நாள் வந்தாலும் எதுவும் தொலையாதபடி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கரண்ட்

நம் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு வைரஸைவிடப் பெரிய தொல்லை கரண்ட். சிஸ்டம் தானாக அணைந்து எழுந்தால் விண்டோஸைக் குறை சொல்லுமுன் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். வீட்டு யூபிஎஸ்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அது இரண்டு மூன்று வருடம் உழைக்கும். வெக்கை கூடிய ஊரில் இன்னும் குறைவு. கரண்ட் போன நொடியே சிஸ்டமும் படுத்துவிட்டால் பேட்டரியின் காலம் முடிந்தது என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றினால் போதும்.

சிபியு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? எர்த் சரியில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியே எப்போதும் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்குக் கசியும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். ஈரக் கரிசல் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் அதே மண் பாளம் பாளமாக வெடித்ததும் எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு விட்டுப்போகும். எர்த் குழியில் போடும் கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு மின்சாரத்துக்கு வழிவிடும். சீமைக் கருவேலங்கரிக்கு இங்கே பஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றத்தான் மறந்துபோகிறோம். கோடை முழுக்க வாரம் ஒரு குடம் தண்ணீராவது அந்தக் குழிக்குப் போகட்டும்.

கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாதுதான்; ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறி, லேன் வயர் மூலம் மதர்போர்டு வரை வந்துவிடும். அடாப்டரையும் லேன் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள்.

மூடியைத் திறந்தால்

தறி ஓடும் வீட்டு சிபியுவைத் திறந்து பாருங்கள். பிராசஸர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றினால், அடியில் அலுமினியத் தகடுகளுக்கு இடையே பஞ்சும் புழுதியும் சேர்ந்து கம்பளி போல அப்பியிருக்கும். காற்றுப் புக வழியில்லை. சூடு ஏறினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிஸ்டத்தையே அணைத்துவிடும். காலையில் நன்றாக ஓடி உச்சிவெயிலில் அணைகிற சிஸ்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். பிளக்கை உருவிவிட்டு பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கை தறிகெட்டுச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். சர்வீஸ் கடைகளில் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான்.

தேதி தப்பினால் மெயில் வராது

"நெட் இருக்கு, ஆனா எந்த சைட்டும் திறக்கல, மெயிலும் வரல" என்பது அடிக்கடி கேட்கும் புகார். திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் காசு அளவுக்கு இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பாதுகாப்பான ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. உங்கள் சிஸ்டம் 2009-இல் நின்றுகொண்டிருந்தால் இந்த வருடச் சான்றிதழ் அதற்குச் செல்லாது; கதவைத் திறக்காது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரி அது. இதற்கும் ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு.

பென் டிரைவில் கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டாலும் பதற வேண்டாம். வைரஸ் பெரும்பாலும் அவற்றை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாமல், மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியைப் போட்டு வெளியே எடுங்கள். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் மட்டும் அவசரப்படுங்கள். வேறு எதையும் செய்யுமுன் கோப்புகளைக் காப்பி எடுங்கள்.

அரசு லேப்டாப்பை எறியாதீர்கள்

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசஸர்களை ஏற்காது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டால் மெயில் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப, பிள்ளைகள் படிக்கத் தாராளம்.

மெயிலுக்கு எந்த புரோகிராம்?

மெயில் புரோகிராம் கதையில் விருதுநகர் மாவட்டத்துக்கும் ஓரிடம் உண்டு. ராஜபாளையம் பக்கம் முகவூரைப் பூர்வீகமாகக் கொண்ட சிவா அய்யாதுரை, நியூ ஜெர்சியில் பள்ளி மாணவராக இருந்த 1978-இல் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக மெயில் புரோகிராம் எழுதினார். 1982-இல் 'ஈமெயில்' என்ற பெயரிலேயே அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்ற அவர் வாதத்தை வரலாற்றாய்வாளர்கள் ஏற்கவில்லை; ரே டாம்லின்சன் 1971-லேயே அட் குறி போட்டு கணினி விட்டுக் கணினி மெயில் அனுப்பியிருந்தார். அந்தச் சண்டை இருக்கட்டும். புரோகிராமைத் தேர்ந்தெடுக்க நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கே ஹார்ட் டிஸ்க் போனால் என் மெயில் மிஞ்சுமா?

பிரவுசரிலேயே ஜிமெயில் பார்ப்பவருக்குக் கவலையில்லை. மெயில் கூகுளிடம் இருக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மெயில், படங்கள், டிரைவ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் பங்குபோடுகின்றன. அது நிரம்பினால் மெயில் வருவது நின்றுவிடும்.

தனி புரோகிராம் வேண்டுமென்றால் தண்டர்பேர்டு நல்லது. மொசில்லா 2004-இல் முதல் முழுமையான பதிப்பை வெளியிட்டது. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு முறைகளைக் காட்டும். பாப் முறை மெயிலை உங்கள் மெஷினுக்கு இறக்கும். அமைப்பைப் பொறுத்து சர்வரிலிருந்து அழித்தும்விடும். அப்புறம் ஃபார்மட் அடித்தால் எல்லாம் போச்சு. ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். போனிலும் அதையே பார்க்கலாம். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஐமேப் போட்டுக்கொண்டு, முக்கியமானவற்றை தண்டர்பேர்டின் உள்ளூர் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதன் புரொஃபைல் ஃபோல்டரை மாதம் ஒருமுறை பென் டிரைவில் போடுங்கள்.

விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதற்குப் பதில் வந்த புதிய அவுட்லுக்கில் ஜிமெயிலைச் சேர்த்தால் மெயிலின் ஒரு நகல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும்; தெரிந்தே சம்மதியுங்கள். சேலை வியாபாரத்துக்கோ கடைக்கோ சொந்தப் பெயரில் முகவரி வேண்டும் என்பவர்களுக்கு, தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் மெயிலும் இருக்கிறது.

சாவி யார் கையில்?

எந்த புரோகிராம் என்பதைவிட முக்கியம், மீட்பு எண் யாருடையது என்பது. பலருடைய முதல் மெயில் முகவரி பிரவுசிங் சென்டரில் தொடங்கியது. சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையே கொடுத்திருப்பார். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி அவருக்குப் போகும். நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர் என்றாலும் ஆபத்துதான். இணைப்பைத் துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து இன்றைய நம்பரைப் போடுங்கள். கூகுள் கணக்கு தரும் பத்து பேக்கப் கோடுகளை அச்செடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.

இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்காக மட்டும் தொடங்கிய முகவரியாக இருந்தாலும் மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது அந்த முகவரியைத்தான். தகவல் வந்தாலும் அதற்குத்தான் வரும்.